ஒரு குடும்பம், இரண்டு அடுப்பு

மும்பையில் முலுண்ட் செக்நாக்கா பக்கம் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. ஐந்து பேர் தங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஊர் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம். அவர்களில் மூத்தவர் இருபது வருஷமாக சைக்கிளில் இட்லி விற்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டும் என்பதால் சாயங்காலம் ஏழு மணிக்கே வீட்டுக்கு வீடியோ கால் போட்டுவிடுவார். மாவு பக்கெட்டில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மறுநாளைக்குத் தேங்காய் கீறிக்கொண்டே பேசுவார். அந்தப் பக்கம் போன் அரிசி டப்பா மேல் நிற்கும்.

"சாப்ட்டியளா?" என்று தொடங்கியது அன்றைய பேச்சு. மோட்டார் காயில் போனது, மகளின் டியூஷன் பணம், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்று வரிசையாக வந்தது. "அத்தை பேசணுமாம்" என்று போன் கைமாறியது. அம்மா பேசி முடித்து மனைவியிடம் கொடுத்தபோது, அதே அறையில் அம்மா உட்கார்ந்திருந்தார். "சரி, வைக்கட்டா?" அவ்வளவுதான். கணவன் மனைவிக்கென்று அன்று ஒரு சொல் இல்லை.

இப்படிப்பட்ட தம்பதிகளைப் பற்றி யார் ஆராய்கிறார்கள் என்று தேடினால், நெடுந்தூரம் போக வேண்டாம். செம்பூரைத் தாண்டினால் தேவ்னார். 1956இல் தொடங்கிய சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1992-93 முதல் 2019-21 வரை ஐந்து சுற்றுகளாக நடந்த தேசிய குடும்ப நல ஆய்வுக்குப் பொறுப்பு இந்த நிறுவனம்தான். அந்த ஆய்வில் மணமான பெண்ணிடம் ஒரு கேள்வி உண்டு: கணவர் இப்போது உங்களோடு இருக்கிறாரா, வேறு எங்காவது தங்கியிருக்கிறாரா?

நல்ல கேள்வி. ஆனால் பதில் எழுதப்படுவது ஊரில் மட்டும். முலுண்ட் கோலியை யாரும் அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குடும்பம் என்றால் வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கணக்கில் இட்லிக்காரர் மற்ற நான்கு பேரோடு ஒரு குடும்பம். அவர் மனைவி மாமியாரோடு இன்னொரு குடும்பம். 2011 கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். அதில் தாலி கட்டிய மனைவியை ஊரில் விட்டுவந்தவர் எத்தனை பேர் என்பதை இந்த அடுப்புக் கணக்கால் சொல்ல முடியாது.

கேரளத்தில் இந்த விஷயத்தை முதலில் அருகே போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் லீலா குலாத்தி. வளைகுடாவுக்குப் போனவர்களின் மனைவிகளைப் பற்றிய அவரது நூல் 1993இல் வந்தது. வங்கிக்கும் அலுவலகத்துக்கும் தனியே போகக் கற்றுக்கொண்ட பெண்களையும், அதற்குள் அவர்கள் பட்ட பாட்டையும் அதில் பார்க்கலாம். 2008இல் சோனால்டே தேசாயும் மஞ்சிஸ்தா பானர்ஜியும் அகில இந்திய அளவிலான தரவுகளை வைத்து இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னார்கள். கணவன் வெளியூர் போனதால் மட்டும் பெண் கைக்குப் பொறுப்பு வந்துவிடுவதில்லை. தனிக்குடித்தனமாக இருந்தால் வருகிறது. மாமனார் மாமியாரோடு இருந்தால் பெரும்பாலும் வருவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அப்பா முலுண்டில் எல்.பி.எஸ். மார்க் ஆலை ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் மாதாமாதம் மணியார்டர் வரும், தாத்தா பெயருக்கு. படிவத்தின் அடியில் நாலு வரி எழுத இடமிருக்கும். அதை முதலில் தபால்காரர் படிப்பார், பிறகு தாத்தா. கடைசியில் அந்தத் துண்டுத்தாள் அம்மா கைக்கு வரும்போது அதில் அவளுக்கென்று எதுவும் இருக்காது. இருக்க முடியாது என்பது அப்பாவுக்கும் தெரியும். மணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அம்மா முலுண்டுக்குக் குடிவந்தாள். முதல் நாள் காலையில் அப்பா ஆசையாக டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். அவள் டீயே குடிக்க மாட்டாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

வெளிநாட்டு ஆய்வுகள் வேறொரு படம் காட்டுகின்றன. கிரிஸ்டல் ஜியாங், ஜெஃப்ரி ஹான்காக் இருவரும் 63 காதல் ஜோடிகளை ஒரு வாரம் நாட்குறிப்பு எழுத வைத்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தொலைவில் இருந்த ஜோடிகள் மனசைத் திறந்து அதிகம் பேசினார்கள், கூடவே மற்றவரைக் கொஞ்சம் உயர்த்தியும் நினைத்தார்கள் என்பது அவர்கள் கண்டது. நம்புகிறேன். ஆனால் அங்கே போனை வாங்கிப் பேச மாமியார் இல்லை. நம் ஊரில் தூரத்துத் தாம்பத்தியம் என்பது இரண்டு பேர் விவகாரமே அல்ல. ஒரு வீடே நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டைச் சேர்த்துக் கேட்காத ஆய்வு எனக்குப் போதவில்லை. மாமியாரைக் குறைசொல்லவில்லை. மகன் ஊரில் இல்லாத ஏக்கம் அவருக்கும் உண்டே.

நேரில் பார்ப்பது ரயிலைப் பொறுத்தது. கல்யாணில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் ஒன்றரை நாள். முன்பு 120 நாள் முன்னதாக டிக்கெட் போடலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. ஊரில் கோயில் கொடை எப்போது என்று தெரிந்ததும் இட்லிக்காரர் விரல்விட்டு நாள் எண்ணுகிறார். கிடைத்தால் வருஷத்துக்கு இருபது நாள் மனைவியோடு இருப்பார்.

ஆய்வுக்கு ஆட்கள் வந்தால் உங்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். தேங்காயை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எங்கிட்ட மட்டும் கேட்டா எப்படி? நம்பர் தாரேன், அவகிட்டயும் கேட்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழம சாயங்காலமாக் கூப்பிடணும். அம்மா கோயிலுக்குப் போயிருப்பாங்க."