கழுத்தைப் பார்ப்பவர்களும் காலைப் பார்ப்பவர்களும்

ஆடி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கத்துக் குதிரைக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டி, பவானி வழியாக அந்தியூருக்குக் கிளம்பிவிடுவார்கள். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மாடுகளுக்கும் குறைவில்லை. ஆனால் கூட்டம் மொய்ப்பது குதிரைகளைச் சுற்றித்தான். ராஜஸ்தானத்து மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். இந்த இரண்டு இனங்களையும் கண்டுபிடிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி முட்டிக்கொண்டு நிற்கும்.

மேளம் ஆரம்பித்ததும் நாட்டியக் குதிரை வரும். கழுத்தை வில்லாக வளைத்து, மூக்கை நெஞ்சோடு ஒட்டவைத்து, நின்ற இடத்திலேயே முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கிப் போடும். செல்போன்கள் உயரும், விசில் பறக்கும். கழுத்து எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு மவுசு.

கிட்டத்தட்ட இதே ஆட்டம் ஒலிம்பிக்கிலும் உண்டு. அங்கே அதற்குப் பெயர் டிரஸ்ஸாஜ். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள மணல் களம். சுற்றிலும் ஏழு நடுவர்கள். ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். நின்ற இடத்தில் துள்ளுநடை போடுவதை அங்கே பியாஃப் என்கிறார்கள். அந்தியூரில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அங்கே முந்நூறு வருடங்களாகச் சண்டை நடக்கிறது: குதிரையின் கழுத்து எங்கே இருக்க வேண்டும், அதை அங்கே கொண்டுபோவது யார்?

விஷயம் எடையில் தொடங்குகிறது. சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. முதுகில் ஆள் ஏறினால் அந்தச் சுமை இன்னும் கூடும். பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து, மூட்டுகளை மடக்கி, பாரத்தைப் பின்பக்கம் வாங்கிக்கொள்ளக் குதிரைக்குக் கற்றுக்கொடுப்பதுதான் டிரஸ்ஸாஜின் சாரம். பின்புறம் தாழ்ந்தால் முன்புறம் லேசாகும், கழுத்து தானாக எழும்பும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத் தூண்களில், கெட்டி முதலிகள் காலத்துச் சிற்பி பின்னங்காலில் எழுப்பி நிறுத்திய குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் வெள்ளைக் குதிரைகள் உயிரோடு அப்படி எழுந்து நிற்கின்றன.

இதற்குக் குறுக்கு வழியும் இருக்கிறது. பின்னங்காலை விட்டுவிட்டு லகானைப் பிடித்து இழுத்தாலே கழுத்து வளைந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிட்டே போய்ப் பின்னங்காலைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். கையால் வளைத்த குதிரையின் பின்னங்கால் விறைத்து, பின்னால் தங்கி நிற்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் இந்தச் சண்டையில் இரண்டாகப் பிரிந்தது. ஒருபக்கம் சர்க்கஸ் கூடாரத்தில் குதிரை பழக்கி ஊரை மயக்கிய பிரான்சுவா போஷே. குதிரையை நிறுத்திவைத்தே தாடையையும் கழுத்தையும் இளக்கிவிட்டால் உடம்பு முழுவதும் கைக்குள் வந்துவிடும் என்றவர். இன்னொரு பக்கம் கோமகன் தோர்; குதிரையை வெட்டவெளியில் முன்னோக்கி ஓடவிட்டுப் பழக்கு என்றவர். ராணுவம் போஷேயின் முறையைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கியது. 1847இல் சோமூர் குதிரைப்படைப் பள்ளியின் தலைமை தோருக்குப் போனது. கதை அதோடு முடியவில்லை. 1855இல் சர்க்கஸ் அரங்கின் சரவிளக்கு அறுந்து போஷேயின் மேல் விழுந்தது. கால்கள் நசுங்கின. பழைய பலத்தோடு குதிரையை இறுக்கிப் பிடிக்க இனி முடியாது. அதன் பிறகு அவர் வகுத்த இரண்டாவது முறை, கழுத்தை உயர்த்தி, கையை இளக்கி, மிகக் குறைந்த விசையில் வேலைவாங்குவது. உடைந்த கால் ஒரு பெரிய ஆசிரியருக்கே பாடம் நடத்தியிருக்கிறது.

நம் காலத்தில் அதே சண்டை ரோல்கூர் என்ற பெயரில் திரும்பி வந்தது. குதிரையின் மோவாய் நெஞ்சில் இடிக்கும் அளவுக்குக் கழுத்தைச் சுருட்டிப் பழக்கும் முறை இது. முதுகுத் தசை நீள்கிறது, ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் உடம்பை வளைப்பதுபோல என்றார்கள் ஆதரித்தவர்கள். 2000, 2004, 2008 என்று மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நெதர்லாந்தின் ஆங்கி வான் குருன்ஸ்வென் இந்தப் பள்ளியின் பெரிய பெயர். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கால்நடை மருத்துவர் கெர்ட் ஹோய்ஷ்மன். முதுகு இறுகிப்போகிறது, பின்னங்கால் ஆடவேண்டிய வீச்சு செத்துப்போகிறது என்பது அவர் வாதம். இன்னொன்றும் உண்டு: கழுத்தைச் சுருட்டிய குதிரைக்குத் தன் காலடி மண்ணைத் தவிர அதிகம் தெரியாது.

2009இல் டென்மார்க்கின் ஓடென்சேயில், பயிற்சிக் களத்தில் ஒரு குதிரையின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்கிய வீடியோ வெளியாகி உலகம் கொதித்தது. மறுவருடம் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, வலுக்கட்டாயமாகக் கழுத்தைச் சுருட்டக் கூடாது என்றது. முரட்டுத்தனம் இல்லாமல் தலையைத் தாழ்த்தி வேலைவாங்குவது மட்டும் தொடர்ச்சியாகப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் இருக்கலாமாம். எது முரட்டுத்தனம், எது இல்லை என்று கடிகாரத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்ன? உச்சந்தலைதான் உயரமான புள்ளி, மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. மூக்கு பின்னால் போன குதிரைக்கும் நல்ல மார்க் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

மென்மையான வழியின் முகமாகக் கொண்டாடப்பட்டவர் பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின். 2012 லண்டனில் வாலெக்ரோ என்ற குதிரையோடு தங்கம் வென்றவர். 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில், பயிற்சியின்போது குதிரையின் காலில் அவர் சவுக்கைத் திரும்பத் திரும்ப வீசிய பழைய வீடியோ வெளியானது. போட்டியிலிருந்து விலகினார், ஒரு வருடத் தடையும் வந்தது. அடிவாங்கும் காலைக் குதிரை உயரத் தூக்க வேண்டும் என்பதே அந்தப் பயிற்சியின் நோக்கம்.

அதே பாரிசில் நம்மவர் ஒருவரும் இருந்தார். கொல்கத்தாவின் அனுஷ் அகர்வாலா, ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியர். முந்தைய வருடம் ஹாங்சோ ஆசியப் போட்டியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா ஆகியோருடன் சேர்ந்து அவர் வென்ற அணித் தங்கம், குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 வருடங்களுக்குப் பிறகு கிடைத்தது. அனுஷ் தேறியது ஜெர்மனியில். அந்த மரபில் ஆசனம்தான் முதல் பாடம்: சவாரிக்காரரின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே தூக்குநூலில் நிற்க வேண்டும். காரணம் அழகல்ல. இடுப்பு குதிரையின் அசைவோடு போகாமல் குலுங்குகிறவர் விழாமலிருக்க லகானைத்தான் பிடித்துத் தொங்குவார். லகானின் மறுமுனை குதிரையின் வாய்க்குள் இருக்கிறது.

அந்தியூரில் விலைபேசுமுன் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். பிறகு உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத வெற்று ஈறு கொஞ்சம் இருக்கிறது. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். அந்த ஈறு தழும்பேறியிருக்கிறதா, வாயோரம் கிழிந்து ஆறிய வடு உண்டா என்று பார்க்க இன்னொரு விரல் ஒதுக்கினால் போதும். பெரும்பாலும் அதற்குள் மேளம் திரும்ப ஆரம்பித்துவிடுகிறது.