வேதியர் முதல் அன்பியம் வரை

"எங்கள் தாத்தாவின் அப்பா உபதேசியாராம்" என்று பஞ்சம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருநாள் மறைக்கல்வி வகுப்பில் பெருமையுடன் கூறினாள். "உபதேசியார் என்றால் கோயிலில் மணி அடிப்பவரா?" என்று மற்றொருத்தி கேட்கவே, வகுப்பே சிரித்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான், எங்களிலும் பலருக்கு அதன் பொருள் சரியாகத் தெரியாது என்பது விளங்கிற்று. ஆகவே, அருட்சகோதரியிடம் கேட்டும், நூலகத்தில் தேடிப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுத முற்படுகிறோம்.

திருச்சபையில் பணிகள் பல உண்டு. அவை எல்லாம் எதற்காக? தூய பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் இதற்கு விடை இருக்கிறது. போதகர்களும் மேய்ப்பர்களும் ஏற்படுத்தப்பட்டது, இறைமக்கள் தாங்களே தொண்டாற்றத் தகுதி பெறுவதற்காகத்தான் என்கிறார் அவர். அதாவது, குருவானவர் எல்லாவற்றையும் செய்வார், நாம் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பது அவர் கருத்தன்று.

நம் தமிழகத்தில் இது பழைய செய்தியே. 1606இல் தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து வந்த மதுரை மிஷன் குருக்கள் மிகச் சிலர். ஒருவர் பார்க்கவேண்டிய ஊர்களோ ஏராளம். சாலை இல்லை, வண்டி இல்லை. இடையிடையே போர் வேறு. ஓர் ஊருக்குக் குருவானவர் ஆண்டில் ஓரிருமுறை வந்தாலே பெரிது. மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுத்தவர், நோயாளியைப் பார்த்தவர், சாகும் நிலையிலிருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், இறந்தோரை அடக்கம் செய்தவர், சண்டையிட்ட பங்காளிகளைச் சமாதானப்படுத்தியவர் எல்லாம் வேதியர் எனப்பட்ட உபதேசியாரே. மணி அடிப்பது அவருடைய வேலைகளில் மிகச் சிறியது!

இவ்வேதியர்களுக்காகவே வீரமாமுனிவர் ஒரு நூல் எழுதினார். 1711 அளவில் தமிழகம் வந்த அவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகவே நாம் பாடநூலில் படிக்கிறோம். திண்டுக்கல்லில் உள்ள இயேசு சபையாரின் இல்லம் அவருடைய பெஸ்கி என்னும் பெயரைத் தாங்கி நிற்பதையும் அறிவோம். ஆனால் 1727இல் அவர் எழுதிய உரைநடை நூலான 'வேதியர் ஒழுக்கம்' பலருக்குத் தெரியாது. தலைப்பைக் கவனியுங்கள். வேதியர் அறிவு என்றோ, வேதியர் கடமை என்றோ அவர் பெயரிடவில்லை. ஒழுக்கம் என்றே பெயரிட்டார். பிறருக்குச் சொல்லுகிறவன் முதலில் வாழ்ந்து காட்டவேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்த விதை வீண்போகவில்லை. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. மீண்டும் அச்சபையின் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்தது 1838இல்தான். இடையில் இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன. மிகச் சில குருக்களே இருந்த அக்காலத்தில் பல சிற்றூர்களில் விசுவாசம் அணையாதிருந்ததற்கு, வேதியரும், மனப்பாடமாய்ச் செபம் சொல்லிக்கொடுத்த நம் பாட்டிமாரும் பெரிய காரணம். பாட்டிமாரின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரின் பணியைப் பற்றித் தனியே ஓர் ஏட்டையே வெளியிட்டது. வழிபாடும் தமிழுக்கு வந்தது. பின்னர், சென்ற நூற்றாண்டின் இறுதியில் தமிழகப் பங்குகளில் பரவியதே அன்பியம். 2003 நவம்பரில் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நம் திண்டுக்கல் மறைமாவட்டத்திலும் பங்குகள் அன்பியங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு தெருவிலோ அடுத்தடுத்த தெருக்களிலோ உள்ள சில குடும்பங்கள் வீடு வீடாக மாறி மாறிக் கூடுவதே இதன் முறை. நற்செய்தியைப் பகிர்ந்துகொள்ளப் பல இடங்களில் பின்பற்றப்படும் ஏழு படிகள் தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவானவை. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தில் பட்ட சொல்லைத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்யவேண்டியதை முடிவு செய்தல், இறுதியில் செபம். இவற்றுள் ஆறாவது படிதான் கடினமானது. ஏன் என்று நாங்கள் நேரிலேயே கண்டோம்.

எங்களில் நால்வர் ஒரு மாலை அத்தகைய கூட்டத்துக்குச் சென்றோம். பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நல்ல சமாரியன் உவமையை வாசித்தார்கள். மௌனம் முடிந்ததும், நூற்பாலையில் வேலைசெய்யும் ஓர் அக்காள் பேசினார். அடிபட்டவனைப் பார்த்தும் விலகிப் போனவர்களைப் பற்றிய இடம்தான் தம்மைக் குத்துகிறது என்றார். தெருக்கோடி வீட்டுக்கு ஒரு விதவைத் தாயும் அவர் மகளும் குடிவந்து ஆறு மாதம் ஆயிற்று. அவர்களும் கத்தோலிக்கரே. ஆனால் அன்பியத்துக்கு எவரும் அழைக்கவில்லை. ஏன் அழைக்கவில்லை என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்கும் புரிந்தது.

முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழா விருந்தில் எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் ஒரே பந்தியில் அமர்கிறார்கள். அது நம் ஊருக்குப் பெருமைதான். எனினும் அது ஆண்டுக்கு ஒருமுறை. தெருக்கோடி வீடோ தினமும் இருக்கிறது.

"அடுத்த கூட்டத்தை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்போம்" என்றார் அந்த அக்காள். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு இரண்டு பெண்கள் சரி என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும், அன்று தமக்கு வேறு வேலை இருப்பதாகச் சொன்னார்.

கூட்டம் அவ்வீட்டிலேயே நடந்தது. நாங்களும் போயிருந்தோம். பாய் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தார்கள். அந்தத் தாய் எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். பெரியவர் வரவில்லை. அவர் மனைவி வந்திருந்தார். காப்பியை வாங்கிக் குடித்தார்.