சொன்னது சரியாகப் பதிவானதா?

கொள்ளை வழக்கு ஒன்றில் ஒரு பெண் சாட்சி சொல்கிறார். நீதிபதியின் அருகில் தட்டச்சர் இருக்கிறார். சாட்சி சொல்வதை அவர் கணினியில் பதிவு செய்கிறார்.

"இருட்டில் முகம் தெரியவில்லை" என்கிறார் அந்தப் பெண். "முகம் தெரிந்தது" என்று பதிவாகிவிட்டால் என்ன ஆகும்? தவறு செய்யாத ஒருவர் சிறைக்குப் போக நேரலாம்.

கணினி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்தப் பிழை அதற்குத் தெரியாது. சொன்னவருக்குத்தான் தெரியும். அதனால் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது.

சாட்சி சொல்லி முடித்ததும், பதிவானதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அப்போது குற்றம் சாட்டப்பட்டவரோ அவருடைய வக்கீலோ அங்கே இருக்க வேண்டும். பதிவு சாட்சிக்குத் தெரியாத மொழியில் இருக்கலாம். அப்படியானால், தெரிந்த மொழியில் அவருக்கு விளக்க வேண்டும்.

தவறு இருந்தால் சாட்சி அங்கேயே சொல்லலாம். "ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் போதும். நீதிபதி அதைத் திருத்தலாம். திருத்தாவிட்டால், சாட்சியின் மறுப்பையாவது குறித்து வைக்க வேண்டும்.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 278-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. அதில் இது 313-ஆம் பிரிவு.

படித்துக் காட்டும்போது கவனமாகக் கேட்க வேண்டும். புரியாவிட்டால் மறுபடி படிக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.