கடையில் பிரின்டர், வீட்டில் கணனி: தொடர்பு அறுந்தால் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் வீடும் கடையும் ஒரே வளவுக்குள் இருக்கும் வர்த்தகர்கள் பலர். முன்பக்கம் வியாபாரம், பின்பக்கம் குடும்பம். பகலில் கடைக் கணனியில் பில் அடிப்பார்கள். இரவில் அதே கணக்கை வீட்டு மடிக்கணனியில் மகனோ மகளோ சரிபார்ப்பார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பிரின்டர், ஒரு வைபை ரவுட்டர். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இந்த ஏற்பாடு இன்று காலை திடீரென நின்றுவிட்டால், வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டுக் கையால் பில் எழுத வேண்டியதுதான்.

அதற்காகப் புதிய பிரின்டர் வாங்கப் புறப்பட வேண்டாம். பல சந்தர்ப்பங்களில் பிரின்டரில் பழுது இருப்பதில்லை, பாதையில்தான் இருக்கும். கீழ்வரும் வரிசையில் பாருங்கள்.

முதலில்: இரண்டும் ஒரே வலையமைப்பிலா?

எமது பழைய கல்வீடுகளின் தடித்த சுவர்களை வைபை அலை இலகுவில் கடப்பதில்லை. சிக்னல் போதாதென்று பின்னறையில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றைப் பூட்டுவோம். அது தனக்கென்று வேறு வலையமைப்பை உருவாக்கிவிட்டால், முன்னறைக் கணனியும் பின்னறைக் கணனியும் ஒன்றையொன்று காணாமற் போகலாம். இரண்டாவது ரவுட்டரை ‘அக்சஸ் பொயின்ட்’ முறைக்கு மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைபையில் அல்லது கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டில் கணனி இணைந்திருந்தாலும் இதே நிலைதான். இன்டர்நெட் வேலை செய்யும், பிரின்டர் மட்டும் தெரியாது.

இரண்டாவது: கரண்ட் போய் வந்ததா?

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பது போன்ற ஓர் இலக்க முகவரியைக் கொடுக்கிறது. அது நிரந்தரமானதல்ல. 2022 இல் நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போய் வந்து எல்லாக் கருவிகளும் மீண்டும் இயங்கும்போது பிரின்டருக்கு வேறு இலக்கம் கிடைக்கலாம். கணனி பழைய இலக்கத்திலேயே தேடிவிட்டு ‘ஓப்லைன்’ என்று சொல்லும். ரவுட்டரின் அமைப்பில் பிரின்டருக்கென ஓர் இலக்கத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இராது. பிரின்டர் வயர் மூலம் கடைக் கணனியில் பூட்டப்பட்டிருந்தால், அந்தக் கணனி விழித்திருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது: விண்டோஸ் அனுமதிக்கிறதா?

உங்கள் வைபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருந்தால் விண்டோஸ் கதவைச் சாத்திக்கொள்ளும். சொந்த வலையமைப்பை ‘பிரைவேட்’ என்று மாற்றி, கோப்பு, பிரின்டர் பகிர்வை இயக்க வேண்டும். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் நாலு இலக்க ‘பின்’ செல்லாது. கணக்கின் முழுப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் வலையமைப்பு வழியாக விண்டோஸ் வழமையாக ஏற்பதில்லை.

அப்டேட் வந்தபின் நின்றது ஏன்?

‘அப்டேட் போட்டதும் எல்லாம் குழம்பிவிட்டது’ என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. அதற்குக் காரணம் உண்டு. 2017 மே 12 இல் ‘வன்னாக்ரை’ என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவி, கணனிக் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்டது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகளும் தப்பவில்லை. அது பரவிய வழி, நாம் கோப்புப் பகிரப் பயன்படுத்தும் அதே வழியின் பழைய வடிவம்தான். அதனை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே அகப்பட்டார்கள்.

அதன்பின் புதிய விண்டோஸ்களில் அந்தப் பழைய முறை நிறுத்தப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பீ ஓடும் பழைய கடைக் கணனியைப் புதிய மடிக்கணனி காணாததற்குக் காரணம் இதுவே. விண்டோஸ் 7 உடன் 2009 இல் வந்த ‘ஹோம்குறூப்’ வசதியும் 2018 இல் விண்டோஸ் 10 இலிருந்து நீக்கப்பட்டது. 2021 இல் அச்சிடும் சேவையில் ‘பிரின்ட்நைட்மேர்’ எனும் ஓட்டை வெளிவந்தது. அதற்குப் பிந்திய அப்டேட்கள், பகிர்ந்த பிரின்டருக்கான டிரைவரைப் போட நிர்வாகி அனுமதியைக் கட்டாயமாக்கின.

ஆக, இவை ஒவ்வொன்றும் களவு நடந்தபின் அல்லது நடக்குமென்று அஞ்சிப் போடப்பட்ட பூட்டுகள். பழுது பார்க்க வருபவர் அவசரத்தில் பழைய முறையைத் திரும்ப இயக்கி, ‘எல்லோருக்கும் எல்லா அனுமதியும்’ என்று திறந்துவிட்டுப் போனால் பிரின்டர் ஓடும். ஆனால் உங்கள் வைபை பாஸ்வேர்ட் தெரிந்த எவரும் கடன் கணக்கைப் பார்க்கலாம், அழிக்கவும் செய்யலாம். எவர் எவ்வளவு தரவேண்டும் என்பது வாடிக்கையாளர் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைத் தெருவில் வைக்க முடியாது.

ஆகவே முழு டிஸ்க்கையும் பகிராமல் தேவையான ஒரு போல்டரை மட்டும் பகிருங்கள். பார்க்க மட்டுமே வேண்டியவருக்குப் பார்க்கும் அனுமதி போதும். வாடிக்கையாளருக்கு வைபை கொடுப்பதானால் ‘கெஸ்ட்’ வைபையைக் கொடுங்கள். கணக்கின் பிரதி ஒன்றை வெளி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். பிரின்டரில் வைபை வசதி இருந்தால் நேரே ரவுட்டருடன் இணையுங்கள்; கணனி வழியான பகிர்வே தேவைப்படாது.

புத்தளத்திலிருந்து பார்க்க வேண்டுமா?

1990 ஒக்டோபர் வெளியேற்றத்தின் பின் எமது குடும்பங்கள் பலவற்றின் ஒரு கால் யாழ்ப்பாணத்திலும் மறுகால் புத்தளத்திலுமாக உள்ளது. சோனகத் தெருக் கடையின் கணக்கைப் புத்தளம் வீட்டிலிருந்து பார்க்க விரும்புவது நியாயமே. ஆனால் வீட்டுப் பகிர்வு ஒரு வளவுக்குள் பயன்படுத்தவே பொருத்தமானது. அதற்காக ரவுட்டரில் வெளியிலிருந்து வழி திறக்க வேண்டாம். முழு உலகத்துக்கும் திறந்ததாகிவிடும். கூகுள் டிரைவ், வன்டிரைவ் போன்ற சேவையில், இருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்து, அந்தக் கோப்பை மட்டும் பகிர்வதே பொருத்தம்.

கடைசியாக ஒன்று. ரவுட்டரின் பாஸ்வேர்ட், பிரின்டருக்கு ஒதுக்கிய இலக்கம், பகிர்ந்த போல்டரின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கடை இலாச்சியில் பூட்டி வையுங்கள். அடுத்த முறை தொடர்பு அறும்போது, திருத்த வருபவரிடம் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லாமல், எது மாறியது என்று மட்டும் பார்க்கச் சொல்லலாம்.