எந்தத் துண்டு துப்பாக்கி?

அமெரிக்காவில் ஒரு ரைபிள் வேண்டுமென்றால் அதைக் கடையில் முழுசாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. குழல், தோள்கட்டை, பிடி, மேகசின் என்று உதிரிகளாக வாங்கி வீட்டு மேசையில் வைத்தே பூட்டிவிடலாம். ஏஆர்-15 வகை ரைபிளுக்கு இப்படிப் பாகம் பாகமாகச் சேர்ப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான மாநிலங்களில் இந்த உதிரிகள் சாதாரணச் சாமான் போலவே தபாலில் வந்துவிடும். ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் உரிமம் பெற்ற கடைக்கு நேரில் போய், அடையாள அட்டை காட்டி, படிவம் நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும்.

அந்தத் துண்டின் பெயர் லோயர் ரிசீவர். பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது, கையில் அடங்கிவிடும். விசையும் சுத்தியலும் இதற்குள்தான் உட்காரும். இதில் குழல் இல்லை. தோட்டா வெடிக்கும் அறையும் இல்லை. தனியாக இதை வைத்துக்கொண்டு யாரையும் சுட முடியாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இதுதான் துப்பாக்கி. மற்றதெல்லாம் வெறும் உதிரி.

இதற்குக் காரணம் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். பிரிக்கவும் மாட்டவும் முடிகிற ஒரு பொருளைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், எந்தத் துண்டைக் கையில் பிடிப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். துப்பாக்கியின் உடற்கூட்டையே, அதாவது ரிசீவரையே, துப்பாக்கியாகக் கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். சுத்தியல், போல்ட், சுடும் பொறி ஆகியவற்றைத் தாங்குவது ரிசீவர் என்று விதிகள் வரையறுத்தன. சிக்கல் அங்கேதான் முளைத்தது. ஏஆர்-15-இல் அந்தக் கூடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது: சுத்தியல் கீழ்ப்பாதியில், போல்ட் மேல்பாதியில். வரையறை முழுசாகப் பொருந்தும் துண்டு அதில் எதுவுமே இல்லை. சில வழக்குகளில் நீதிமன்றங்கள் இதைச் சுட்டிக்காட்டின. 2022-இல் வந்த புதிய விதிதான் ஏஆர்-15-இன் கீழ்ப்பாதியே ரிசீவர் என்று பெயர் சொல்லி எழுதியது.

முடிவடையாத ரிசீவர்களையும் பாகத் தொகுப்புகளையும் அதே விதி வளைத்துப் பிடித்தது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் விதியின் பக்கம் நின்றது. ஒரு கைத்துப்பாக்கித் தொகுப்பை அதற்கு முன் பார்த்தே இராத ஒருவர், சாதாரணக் கருவிகளைக் கொண்டு 21 நிமிடத்தில் அதைத் துப்பாக்கியாக்கிவிட்டார் என்பதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

ஒரு சின்னத் துண்டுக்கு இவ்வளவு போராட்டம் ஏன் என்றால், வரிசை எண் அதில்தான் பொறிக்கப்படுகிறது. உரிமம் பெற்ற உற்பத்தியாளர் அந்த எண்ணை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆழத்துக்காவது செதுக்க வேண்டும். எழுத்தின் உயரம் 1/16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நகத்தால் தடவினால் லேசாகத் தட்டுப்படும் அந்தப் பள்ளத்தை நம்பித்தான் புலன்விசாரணை நடக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த எண், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தடமறி மையத்துக்குப் போகும். அங்கிருந்து உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர், முதலில் வாங்கியவர் என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எண்ணே இல்லாவிட்டால் சங்கிலியின் முதல் கண்ணியே கிடைக்காது.

ஆனால் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் செய்யும் சாதாரண ரைபிளுக்கு எண் பொறிக்கும்படி கூட்டாட்சிச் சட்டம் கேட்பதில்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவராக இருந்தால் போதும், உரிமமும் தேவையில்லை. இந்த இடைவெளியைத்தான் மாநிலங்கள் ஆளுக்கொரு விதமாக நிரப்புகின்றன. கலிபோர்னியாவில் 2018 ஜூலை முதல், செய்யத் தொடங்கும் முன்பே மாநில நீதித்துறையிடம் விண்ணப்பித்து எண் வாங்க வேண்டும். தடம் காண முடியாத துப்பாக்கி செய்வதற்காகப் பாகம் வாங்குவதையே நியூ ஜெர்சி அதே ஆண்டு குற்றமாக்கியது. அரிசோனா இப்படி எதையும் கேட்பதில்லை.

அளவிலும் இதே கதைதான். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் அல்லது 26 அங்குலத்துக்குக் குறைந்த மொத்த நீளம் உள்ள ரைபிளைச் செய்யும் முன் 1934-ஆம் ஆண்டின் சட்டப்படி கூட்டாட்சி அரசிடம் பதிய வேண்டும். பதியாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. கலிபோர்னியாவோ, பெரும்பாலான அரைத் தானியங்கி ரைபிள்களுக்கு 30 அங்குலம் கேட்கிறது. அந்த வகையைச் சேர்ந்த, 16 அங்குலக் குழலும் 28 அங்குல நீளமும் உள்ள ஒரு ரைபிளை எடுத்துக்கொள்வோம். அரிசோனாவின் எரன்பர்க்கில் அதற்குத் தடையில்லை. கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையிலுள்ள பிளைத் ஊருக்குள் நுழைந்தால், அதே ரைபிள் கலிபோர்னியாவில் தடை செய்யப்பட்ட தாக்குதல் ஆயுதம். துப்பாக்கியில் ஒரு திருகுகூட மாறியிருக்காது.

ஆகவே இதில் இறங்குபவர் முதல் பாகத்தை வாங்கும் முன்பே, தான் வசிக்கும் மாநிலம், மாவட்டம், நகரம் மூன்றின் சட்டத்தையும் இன்றைய தேதிக்குச் சரிபார்த்துவிட வேண்டும்; சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். நேற்றுவரை செல்லுபடியானது இன்று குற்றமாகியிருக்கலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் எடுபடாது.

துப்பாக்கிக்கு எல்லை வகுப்பது அவசியம் என்றே நான் நினைக்கிறேன். எண் இல்லாத ஆயுதத்தால் உறவை இழந்த குடும்பத்துக்கு, அது யார் கையிலிருந்து வந்தது என்று அறியும் உரிமை உண்டு. அதே சமயம், குடிமகனிடம் அங்குலக் கணக்கில் துல்லியம் கேட்கும் அரசு, அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்பதையும் அதே துல்லியத்தோடு, சாதாரண மனிதருக்குப் புரியும்படி எழுதிவைக்கக் கடமைப்பட்டது.