போர்ட் பண்றதுக்கு முன்னாடி உங்க போன்ல பேண்ட் 28 இருக்கான்னு பாருங்க

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூணு பேரும் அடுத்தடுத்து ரீசார்ஜ் விலையை ஏத்தினது ஞாபகம் இருக்கா? ஜியோவில் 239 ரூபாயா இருந்த 28 நாள் பிளான் 299 ஆச்சு. 60 ரூபாய்தானேன்னு தோணும். ஆனா 28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் இல்ல, 13. அதாவது 3,107 ரூபாயா இருந்த செலவு 3,887 ஆயிடுச்சு. வீட்டில் நாலு சிம் இருந்தா வருஷத்துக்கு 3,120 ரூபாய் கூடுதல்.

அந்த நேரத்தில் பிஎஸ்என்எல்லில் 28 நாள் பிளான் 200 ரூபாய்க்குள்ள கிடைச்சது. ஒரு சிம்முக்கே வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1,300 ரூபாய் மிச்சம். அதனால நிறைய பேர் போர்ட் பண்ணக் கிளம்பினாங்க. நானும் அம்மாவோட நம்பரை மாத்தலாம்னு ஊருக்குப் போனப்போ உட்கார்ந்தேன். நல்லவேளை, போர்ட் மெசேஜ் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை செக் பண்ணேன். பத்து நிமிஷ வேலைதான். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறேன்.

முதல்ல, பேண்ட்னா என்ன? ஒவ்வொரு நெட்வொர்க்கும் அரசாங்கத்துகிட்ட இருந்து சில அலைவரிசைகளை வாங்கி வெச்சிருக்கு. 700, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ்னு போகும். ஒவ்வொண்ணுக்கும் உலகம் முழுக்க ஒரே நம்பர் உண்டு, அதுதான் பேண்ட் நம்பர். 1800-க்கு பேண்ட் 3. 2300-க்கு பேண்ட் 40. பழைய ரேடியோவில் எஃப்எம் இல்லைன்னா பக்கத்துத் தெருவிலேயே எஃப்எம் ஸ்டேஷன் இருந்தாலும் பாட்டு கேட்காது இல்லையா, அதே கதைதான். டவர் மொட்டை மாடிக்கு எதிரிலேயே இருந்தாலும், அது பேசுற பேண்ட் உங்க போன்ல இல்லைன்னா அந்த டவர் உங்களுக்கு இல்லாத மாதிரிதான்.

இந்தியாவில் 4ஜிக்கு யார் எதைப் பயன்படுத்துறாங்க? ஜியோ 3, 5, 40. ஏர்டெல் 1, 3, 8, 40. வி 1, 3, 8, 41. சர்க்கிளுக்கு சர்க்கிள் கொஞ்சம் மாறும், ஆனா இந்தியாவில் விற்கிற பெரும்பாலான 4ஜி போன்களில் இது எல்லாமே இருக்கும். அதனாலதான் இத்தனை வருஷமா நாம யாரும் பேண்ட் பத்தி யோசிக்கவே இல்ல.

பிஎஸ்என்எல் வந்ததும் கணக்கு மாறுது. டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் சேர்ந்து உருவாக்கின உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அவங்க 4ஜி வந்தது. 2025 செப்டம்பர் 27-ல் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணிச்சார். அதுல முக்கியமான அலைவரிசை 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28. கூடவே 2100, பேண்ட் 1. அலைவரிசை குறைய குறைய சிக்னல் தூரமாப் போகும், சுவரையும் நல்லாத் தாண்டும். கிராமத்துக்கும் வீட்டுக்குள்ளேயும் 700 ரொம்ப நல்ல அலைவரிசை. ஆனா அதுக்கு முன்னாடி இந்தியாவில் 4ஜிக்கு 700-ஐ யாரும் பயன்படுத்தல. அதனால இங்கே விற்ற பல பட்ஜெட் போன்களில் கம்பெனிகள் பேண்ட் 28-ஐச் சேர்க்கவே இல்ல.

பேண்ட் 28 இல்லாத போனை வெச்சிருந்தா என்ன ஆகும்? உங்க ஏரியா டவரில் 2100 ஓடினா 4ஜி கிடைக்கும். 700 மட்டும்தான்னா போன் 2ஜிக்கு இறங்கிடும். கால் பேசலாம், ஆனா ஜிபே பண்ணக் கடையில் நின்னுக்கிட்டு சுத்துற வட்டத்தைப் பார்த்துட்டே இருக்கணும்.

சரி, எப்படி செக் பண்றது? செட்டிங்ஸ் போய் அபௌட் போன் திறங்க. அங்கே போனோட விளம்பரப் பெயர் வேற, மாடல் நம்பர் வேற. நமக்கு வேண்டியது மாடல் நம்பர். ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒரு மாடல், துபாய்க்கு ஒண்ணு, அமெரிக்காவுக்கு ஒண்ணுன்னு விப்பாங்க; பேண்ட் பட்டியல் வேற வேறயா இருக்கும். ஐபோன்ல மாடல் நம்பரை ஒருமுறை தட்டினா ஏ-வில் ஆரம்பிக்கிற நம்பர் வரும், அதைக் குறிச்சுக்கோங்க. அந்த நம்பரை வெச்சு கம்பெனியோட இந்தியா இணையதளத்தில் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்துல நெட்வொர்க் பகுதியைப் பாருங்க. ஜிஎஸ்எம்அரீனாவிலும் மாடல் வாரியா பிரிச்சுப் போட்டிருப்பாங்க.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 5ஜி போன் வெச்சிருக்கிறவங்க பட்டியலில் என்28-ஐப் பார்த்துட்டு, 28 இருக்குன்னு முடிவு பண்ணிடுறாங்க. ‘என்’ எழுத்து போட்டா அது 5ஜி. ஜியோ 700-ல் 5ஜி ஓட்டுறதால அது பல போன்களில் இருக்கும். நமக்கு வேண்டியது எல்டிஇ அல்லது 4ஜின்னு போட்ட வரிசையில் இருக்கிற 28. ரெண்டும் ஒரே அலைவரிசைதான், ஆனா ஒண்ணு இருக்கிறதால இன்னொண்ணு இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டு வர்ற போனுக்கும், செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்குற போனுக்கும் இதே சோதனை கட்டாயம். அமெரிக்க ஆபரேட்டர்களுக்காகத் தயாரான சில ஆண்ட்ராய்டு மாடல்களில் பேண்ட் 40 இருக்காது. அமெரிக்காவில் விற்கிற ஐபோன் 14-லிருந்து சிம் போடுற இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். 10,000 ரூபாய் மலிவுன்னு வாங்கிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இன்னொரு வேலையும் சேர்த்துப் பண்ணுங்க: *#06# அடிச்சா ஐஎம்இஐ நம்பர் வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம்னு டைப் பண்ணி, இடைவெளி விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. எந்த மாடல், பிளாக் பண்ணின போனான்னு பதில் வரும். கடைக்காரர் சொல்ற மாடலும் பதிலில் வர்ற மாடலும் ஒத்துப் போகலைன்னா அங்கேயே திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க.

பட்டியலில் இருந்தா மட்டும் போதாது, உங்க வீட்டுக்குள்ள கிடைக்குதான்னும் பார்க்கணும். என் கருத்து, மெயின் நம்பரை உடனே போர்ட் பண்ணவே பண்ணாதீங்க. புதுசா ஒரு சிம் வாங்கி ரெண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. வீட்டுப் படுக்கையறை, ஆபீஸ் லிஃப்ட், பஸ்ல போற வழி, எல்லா இடத்திலும். சாம்சங் போன்ல *#0011#, ஐபோன்ல *3001#12345#* அடிச்சுக் கால் பட்டனை அழுத்தினா அந்த நிமிஷம் எந்த பேண்ட்ல போன் நிக்குதுன்னு தெரியும்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதைன்னா, ஒருமுறை போர்ட் பண்ணினா அடுத்த 90 நாள் வேற எங்கேயும் மாற முடியாது. சம்பள அக்கவுண்ட் ஓடிபி, பிஎஃப், இன்கம்டாக்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், எல்லாமே அந்த ஒரு நம்பரில் தொங்குது. மாசம் நூறு ரூபாய் மிச்சத்துக்கு மூணு மாசம் மாட்டிக்கிட்டு நிக்கிறது சரியான பேரம் இல்ல.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். அவங்க போன்ல 4ஜி பட்டியல் 1, 3, 5, 8, 40, 41. 28 இல்ல. “புது போன் வாங்கிடலாம்மா”ன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். அப்புறம் கணக்குப் போட்டேன்: போன் 9,000 ரூபாய், வருஷ மிச்சம் 1,300. போட்ட காசு திரும்ப வரவே ஏழு வருஷம் ஆகும். அதுக்குள்ள அந்தப் போனும் போயிடும். “இதுவே நல்லாத்தானேப்பா ஓடுது”ன்னு அம்மா சொன்னதுதான் சரியான நிதி ஆலோசனை.

பழைய நெட்வொர்க்கிலேயே விட்டுட்டு பிளானை மட்டும் மாத்தினோம். டேட்டா இல்லாம கால், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கிற பேக் கொடுக்கணும்னு 2024 டிசம்பர்ல ட்ராய் விதி கொண்டு வந்துச்சு. அப்படி வந்த 84 நாள் பேக் 500 ரூபாய்க்குள்ள இருந்துச்சு. வருஷத்துக்கு சுமார் 2,000 ரூபாய். வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு வீட்டு வைஃபை இருக்கு. போர்ட் பண்ணியிருந்தா மிச்சமாகியிருக்கும் பணத்தை விட இது அதிகம், நம்பரும் அப்படியே, போனும் அதே போன்.