மழையில் நனையாத சைக்கிள் பை

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பிறகு பலர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மாரிக்குப்பம் ரயில் நிலையம் வரை சைக்கிளில் வருபவர்களும் உண்டு. சைக்கிளில் ஒரு துணிப் பை தொங்கும். சாப்பாடு, மாற்றுத் துணி, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் அதில்தான் இருக்கும். மழை வந்தால் எல்லாம் நனைந்துவிடும். வங்கிப் புத்தகத்தில் மை கரைந்தால் மறுபடி வாங்க அலைய வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும்.

பருத்தித் துணி ஏன் நனைகிறது? விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிறது அல்லவா? பருத்தி நூலும் அப்படித்தான் தண்ணீரை உறிஞ்சும். நூலில் மெழுகு ஏறினால் தண்ணீர் உள்ளே போகாது.

இதை வீட்டிலேயே செய்யலாம். கெட்டியான கித்தான் பை நல்லது.

1. பையைத் தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் மெழுகு பிடிக்காது.

2. வெள்ளை மெழுகுவர்த்தியைப் பையின் வெளிப்பக்கம் முழுவதும் அழுத்தித் தேயுங்கள். தையல்களிலும் அடிப்பாகத்திலும் இரண்டு மடங்கு தேயுங்கள்.

3. மேலே பழைய துணியைப் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். மெழுகு உருகி நூலில் இறங்கும்.

4. ஆறியதும் ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைமேல் உருளுவது போல உருண்டால் சரி. ஊறினால் அந்த இடத்தில் மறுபடி தேயுங்கள்.

எச்சரிக்கை! மெழுகை அடுப்பில் வைத்து உருக்காதீர்கள். தீப்பிடிக்கும். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால் தீ சீறிப் பரவும். மெழுகு ஏற்றிய பையையும் அடுப்பருகே வைக்காதீர்கள்.

பையைப் பாதுகாப்பது எப்படி? சோப்பும் சுடுநீரும் வேண்டாம். அவை மெழுகை எடுத்துவிடும். சேறு காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டுங்கள். நனைந்த பையை மடித்து வைக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்துத் துணி இற்றுப்போகும். வாயைத் திறந்து நிழலில் தொங்க விடுங்கள்.

கேரியர் கம்பி உரசும் இடத்தில் மெழுகு தேய்ந்துவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் அங்கே மறுபடி தேயுங்கள்.

பலத்த மழையில் பையின் வாய் வழியாகவும் தண்ணீர் இறங்கும். ஆகவே முக்கியமான காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வையுங்கள்.

ஒரு மெழுகுவர்த்தி, அரை நாள் வேலை. நம் காகிதங்கள் பத்திரம். செய்து பாருங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.